பெயர் தெரிந்தால் போதுமா?

கிழக்குக் கரையில் மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் தெளிந்து கிடக்கும். அந்த மாதங்களில் நிலாவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகளுள் ஒரு சாராரைத் தனியே பிரித்தறியலாம். அவர்கள் வெயில் காய வருபவர்கள் அல்லர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் மட்டையையும் பென்சிலையும் தொங்கவிட்டவாறு, புறாமலையைச் சூழ்ந்த முருகைக்கல் பாரில் இறங்கும் சுழியோடிகள். மட்டையில் மீன்களின் வர்ணப் படங்கள் வரிசையாக இருக்கும். கண்ட மீனுக்கு நேரே ஒரு சரி போடுவார்கள். மாலையானதும் விடுதி முற்றத்தில் தடித்த மீன் புத்தகங்களை விரித்து வைத்துத் தர்க்கம் நடக்கும். வால் கவடுபட்டதா, வட்டமானதா? கண்ணை ஊடறுத்து ஓடும் கறுப்புக் கோடு நெற்றியில் நின்றுவிடுகிறதா, தாடை வரை இறங்குகிறதா? முதுகுச் செட்டையின் பின்புறத்தில் ஒரு புள்ளி இருந்ததா, இல்லையா? விடுமுறையைக் கழிக்கப் போன இடத்திலும் படிக்கிற மனிதரை ஓர் ஆசிரியன் குறைசொல்ல முடியாது. அந்தக் கண்களின் கூர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால், மட்டையில் அந்தச் சரி விழுந்த கணத்தில் மனிதருக்கும் மீனுக்கும் இடையே நடந்தது என்ன? அவர் அதை அறிந்துகொண்டாரா, அல்லது அதனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாரா? ஒன்றின் பெயரை அறிவதால் அதன்மீது நமக்கு உரிமை வருகிறதா, கடமை வருகிறதா? இது மீனைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பதை வாசகர் ஊகித்திருப்பர். ஆயினும் மீனை விட்டு அதிக தூரம் போகாமலே இதைப் பேசலாம்.

புறாமலை கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1998 இல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் முருகைகள் வெளிறிச் செத்தபோது இந்தப் பார் பெரும்பாலும் தப்பிக்கொண்டது. ஏறத்தாழ 300 வகை மீன்கள் இங்கு பதிவாகியுள்ளன என்பர். யுத்தம் முடிந்த 2009 இற்குப் பிறகுதான் வெளியார் கண் இதன்மேல் முழுமையாக விழுந்தது.

எங்கள் பாடசாலைப் பிள்ளையொன்றின் வாப்பா, பருவகாலத்தில் வலையை மடித்து வைத்துவிட்டுப் பயணிகளைத் தன் படகில் அங்கு ஏற்றி இறக்குபவர். ஒருநாள் அவருடன் போயிருந்தபோது, மார்பளவு நீரிலேயே எங்களைச் சுற்றிச் சுற்றி வந்த மீன்களைக் காட்டி, "இதுக்கு என்ன பேர் காக்கா?" என்று கேட்டேன். வெள்ளி உடம்பு, முதுகில் மஞ்சள் பூச்சு, குறுக்கே ஐந்து கறுப்புப் பட்டைகள். கையளவுதான் இருக்கும்.

"அது ஒண்டுமில்ல சேர், சும்மா மீன்" என்றார்.

இது அறியாமையால் வந்த பதில் அல்ல. ஓரா, விளைமீன், கலவா, செம்பல்லி, பாரை, சீலா, கிளாத்தி, பேத்தை என்று அவர் சொல்லிக்கொண்டே போகக்கூடியவர். ஓராவின் முள் கையில் ஏறினால் எவ்வளவு நேரம் கடுக்கும், பேத்தையை ஏன் தின்னக்கூடாது, கலவா எந்தக் கல்லிடுக்கில் ஒதுங்கும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கையும் நாக்கும் நட்டமும் கற்றுத்தந்த பெயர்கள் அவை. மட்டையில் சரி போடுகிறவரின் இலத்தீன் பெயருக்கு இந்தக் கனம் கிடையாது. எனினும் காக்காவின் பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. சந்தையில் விலைபோகாதது, சட்டியில் ஏறாதது, முள்ளால் குத்தாதது எல்லாம் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. அப்பால் நிற்பவை சும்மா மீன்கள்.

இந்தச் 'சும்மா'வைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தமிழில் இவ்வளவு வேலை செய்யும் சொல் வேறொன்று இருக்குமா தெரியவில்லை. ஞானிகள் அதைக் கொண்டு மௌனத்தைச் சொன்னார்கள். நாம் அதைக் கொண்டு, நமக்கு உதவாத ஒன்றை உலகத்தை விட்டே அப்புறப்படுத்திவிடுகிறோம். காடாகக் கிடக்கும் நிலம் சும்மா கிடக்கிற நிலம். வீட்டில் விடியமுதல் எழும்பி உழைக்கும் பெண் சும்மா இருக்கிறாள். பாடசாலைகளிலும் இதே கதைதான். படிக்கிற பிள்ளையின் பெயரும் குழப்படிக்காரப் பிள்ளையின் பெயரும் தவணை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆசிரியர்களுக்கு மனனமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், பரிசும் வாங்காமல் அடியும் வாங்காமல், இடாப்பில் மட்டும் பெயருடைய பிள்ளைகள் வருடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். வரவுக்கு ஒரு சரி விழுகிறது, அவ்வளவுதான்.

பெயர் வெறும் ஓசைதானே, எந்த ஓசையால் அழைத்தாலும் பொருள் அதுவாகவே இருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு நான் முருகைக்கல்லைக் காட்டுவேன். அதன் பெயரிலேயே கல் இருக்கிறது. கல்லை உடைப்பது எந்த ஊரிலும் பாவமாகக் கருதப்பட்டதில்லை. தென்மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக முருகையை உடைத்து அள்ளிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நம் வீட்டுச் சுவர்களில் வெள்ளை பூசியதும் வெற்றிலைக்குத் தடவியதும் அதில் ஒரு பங்காக இருக்கலாம். அது கல்லல்ல, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு என்பது விலங்கியல் படித்தோருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் கையில் கடப்பாரை பிடித்தவரின் வாயில் அது கல்லாகவே இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து வந்தபோது, முருகைப் பார் ஓரளவு காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்து நுழைந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றரே வடக்கிலுள்ள பெரேலியவில், பார் உடைத்தெடுக்கப்பட்டிருந்த கரையில், அது ரயிலைப் புரட்டிப் போட்டது. அந்த ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இந்த வேறுபாட்டுக்கு முருகை அகழ்வும் ஒரு காரணமென 2005 இலேயே ஆய்வாளர்கள் எழுதினர். கடலடியின் அமைப்பு போன்ற வேறு காரணங்களும் உண்டுதான். இருந்தாலும், 'கல்' என்ற ஓர் ஓசை எத்தனை கடப்பாரைகளுக்கு மனச்சாட்சியின் உறுத்தல் இல்லாமல் செய்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இனி அந்தச் சும்மா மீனுக்கு வருவோம். சுழியோடியின் மட்டையில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: 'அபூதெஃப்துஃப்'. இலத்தீன் பெயர் என்று சொல்லி அச்சிட்டிருந்தாலும் அது இலத்தீன் அல்ல, அறபு. அபூ என்பது நமக்கு விளங்கும். மற்றது 'பக்கம்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. விலாப்புறம் எடுப்பானவர் என்று கொள்ளலாம்.

இந்தப் பெயர் ஏட்டிலேறிய கதை, சுழியோடிகள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய கதை. 1761 இல் டென்மார்க் அரசர் அறபு நாடுகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதில் பீற்றர் ஃபோர்ஸ்கால் என்ற இளைஞர் இருந்தார். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரு சொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். அறபு கற்றவர். செங்கடற் கரையில் மீன்களைச் சேகரித்தபோது, தாமாகப் பெயர் புனைவதற்குப் பதிலாக அவ்வூரார் வழங்கிய பெயர்களையே பல மீன்களுக்குச் சூட்டினார். மீனை நெடுக்காகப் பிளந்து, ஒரு பக்கத் தோலை உலர்த்தி, இலையை ஒட்டுவதுபோலத் தாளில் ஒட்டி வைத்தார். அவற்றுட் பல இன்றும் கொப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1763 இல் யெமன் நாட்டின் யரீம் என்ற ஊரில் மலேரியாக் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 31. குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. இறந்த நண்பரின் குறிப்புகளை 1775 இல் அவர்தான் அச்சேற்றினார்.

அப்படித்தான் நீலக்கோட்டுச் செம்பல்லி 'கஸ்மிரா' ஆயிற்று. ஒரு கிளிமீன் 'குப்பான்' ஆயிற்று. நம் கரையோரக் கிழக்கன் 'சிஹாமா' ஆயிற்று. தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. புதுச்சேரியில் வழங்கிய பெயரைக் கேட்டெழுதி 1829 இல் 'சவாலா' என்று பதிந்த மீன், நாம் கறிக்கு வாங்கும் சாவாளைதான். இன்று ஜேர்மனியிலிருந்து வரும் ஒருவர் நீருக்கடியில் பென்சிலால் எழுதும் பெயர், இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் செங்கடலில் தோணி வலித்த யாரோ ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்தது. ஃபோர்ஸ்காலின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்கு மீனைக் காட்டிப் பெயர் சொன்னவரின் பெயர் எங்கும் இல்லை. அறிவின் வரலாற்றில் அவரும் ஒரு சும்மா மனிதர்.

இதைக் காக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அபூ எண்டா வாப்பாதானே சேர்? ஆருட வாப்பாவாம்?" என்று கேட்டார்.

இத்தனை வரலாறும் சுமந்த பெயர் தெரிந்தால் மீன் தெரிந்துவிடுமா? பாரின் மீன்கள் இவ்விடயத்தில் பொல்லாதவை. சக்கரவர்த்தி மீன் என்ற பொருளில் இலத்தீன் பெயர் பெற்ற ஒன்று உண்டு. நீல உடம்பில் மஞ்சள் வரிகள் நெடுக ஓடும். அதன் குஞ்சோ கருநீலத்தில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, தண்ணீரில் கல் விழுந்தாற்போல இருக்கும். தாயையும் பிள்ளையையும் வெவ்வேறு இனமென்று எண்ணி, குஞ்சுக்கு நிக்கோபார்த் தீவின் பெயரைச் சேர்த்து வேறு பெயர் வைத்திருந்தார்கள். கிளிமீன்களின் குழப்பம் இன்னும் பெரிது. அவை வாழ்நாளில் நிறம் மாறும். பல இனங்களில் பெண்ணாக இருந்தது பின்னர் ஆணாகும், அப்போது முற்றிலும் வேறு உடை உடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ நூறு இனங்களுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவாக்கும் சிறுமீன் ஒன்று உண்டு. ஓர் ஆணும் பல பெண்களுமாக வாழும். ஆண் இறந்தால், பெண்களுள் பெரியது சில மணி நேரத்துக்குள்ளேயே ஆணின் நடையை நடக்கத் தொடங்கிவிடும். சில வாரங்களில் முழுமையாகவே ஆணாகிவிடும். இந்தத் துப்புரவு மீனைப் போலவே நிறமும் ஆட்டமும் கொண்ட வேறொரு மீனும் அதே பாரில் திரிகிறது. நம்பி அருகே வருவனவற்றின் செட்டையைக் கடித்துக்கொண்டு ஓடுவது அதன் தொழில். வேறுபாடு வாயில் இருக்கிறது. நல்லதன் வாய் முகத்தின் நுனியில், போலியின் வாய் மூக்குக்குக் கீழே.

ஆகவே தேர்ந்த சுழியோடி, தன் சரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் போட்டு வைக்கிறார். அந்தக் கேள்விக்குறிதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது. மனிதர்களைப் பற்றி நாம் போடும் சரிகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. எட்டாம் வகுப்பில் ஒருவனுக்கு வைத்த பெயர் அவன் பேரப்பிள்ளை காணும் வரை அவனைத் தொடர்ந்து போகிறது.

'அடையாளம் காணல்' என்ற தொடரே நம் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இலேசான தொடர் அல்ல. வரிசையில் நிறுத்தப்பட்டு, முகம் மூடிய ஒருவர் முன்னால் நடத்திச் செல்லப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அவர் தலையை ஆட்டினால் போதும். அவருக்கும் பெயர்கள் தெரிந்திருந்தன, மிகத் திருத்தமாகவே தெரிந்திருந்தன. அறிதல் தன்னளவிலேயே நற்செயல் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதை அதற்குப் பிறகு முழுமையாக நம்புவது கடினம். பாருக்கும் இது பொருந்தும். வர்ண மீன்களைப் பிடித்துப் பொலித்தீன் பையில் ஒட்சிசன் நிரப்பி வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரி, சுழியோடி வைத்திருக்கும் அதே புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறார். அவரும் செட்டைப் புள்ளியை எண்ணுகிறார். வண்ணாத்திப்பூச்சி மீன்களுட் சில, உயிருள்ள முருகையை அன்றி வேறெதையும் உண்ண மாட்டா. கண்ணாடித் தொட்டிக்குள் அவை பசியால் சாகும். இது பெயரைப் பின்தொடர்ந்து படித்த எவருக்கும் தெரியக்கூடிய செய்தி. தெரிந்துகொண்டு பிடிக்கிறவர் இருக்கிறார், தெரிந்துகொண்டு கையை எடுப்பவரும் இருக்கிறார்.

இதைப் பற்றி நண்பரான ஒரு மௌலவியுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்டன, மலக்குகளுக்கும் தெரியாததை மனிதன் சொன்னான், ஆகவே பெயரிடுவது மனிதனின் சிறப்புரிமை என்றார். கற்பிக்கப்பட்டன என்ற சொல்லில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. கற்பிக்கப்பட்டது நம் சொத்து அல்ல. ஒருவர் தந்து வைத்தது, திரும்பக் கேட்கப்படக்கூடியது. நம்மிடம் அதற்கொரு நல்ல சொல் இருக்கிறது: அமானிதம். பெயரை அமானிதமாகப் பார்த்தால் கேள்வியின் முகமே மாறுகிறது. எத்தனை பெயர் தெரியும் என்பதற்குப் பதிலாக, தெரிந்த பெயருக்குரியது உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டி வருகிறது. சும்மா மீன் காணாமற்போனால் யாரும் தேட மாட்டார்கள். பெயருள்ளது காணாமற்போனால், குறைந்தபட்சம், அதை அறிந்தவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவர். நண்பர் இதை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கொசுவுக்கும் பதில் சொல்வாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெயரைக் கேட்டறிந்த அளவுக்கேனும் பொறுப்பு உண்டு என்பதோடு நான் நின்றுகொண்டேன்.

அப்படியானால் அந்தப் பயணிகள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அவர்களுட் சிலர் செய்தும் வருகிறார்கள். கண்ட மீன், கண்ட நாள், ஆழம் எல்லாவற்றையும் ஆய்வாளர்களிடம் கொடுக்கிறார்கள். ஒரு பாரில் எது குறைகிறது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. வேறு சிலர் படம் எடுப்பதற்காக முருகையின் மேல் காலூன்றி நிற்கிறார்கள். இரு சாராரின் மட்டையிலும் ஒரே பெயர்கள்தான்.

நாம் மீனை அடையாளம் காண்கிற நேரத்தில் மீன் என்ன செய்கிறது என்பதையும் சிலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன துப்புரவு மீன், கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என்று கண்டுகொள்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்டனர். தன் தொண்டையில் இட்ட புள்ளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதை உரசிப் போக்க முயன்றதாம். இதிலும் சுவையானது 2025 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மத்தியதரைக் கடலில், கோர்சிகாத் தீவின் கரையில், சுதந்திரமாகத் திரியும் மீன்களுக்கு ஒரு சுழியோடி மட்டும் இரை கொடுத்துப் பழக்கினார். பிறகு அவரும் இரை கொடுக்காத இன்னொருவரும் சேர்ந்து இறங்கினர். சில நாட்களுக்குள் மீன்கள் சரியான ஆளின் பின்னாலேயே போகத் தொடங்கின. இருவரும் ஒரே நிற உடையும் ஒரே உபகரணமும் அணிந்து இறங்கியபோது அவற்றுக்கு வேறுபாடு தெரியவில்லை. அவை மனிதரை உடுப்பைக் கொண்டு அடையாளம் கண்டிருக்கின்றன. உடுப்பைப் பார்த்து ஆளை அறிந்துவிட்டதாக எண்ணுவது நம் நாட்டவருக்கும் புதிதல்ல என்பதால், மீன்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவற்றுக்கு நீருக்கடியில் பார்க்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

நம் பார் மீன்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் ஆக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. குழுக்கள் ஆக்கிய பெயர்கள் பாடநூலுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மௌத்தாகிப் போவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. கடந்த தவணையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அந்த ஐந்து பட்டை மீனின் படத்தை அட்டையில் வரைந்து கொண்டுபோய்க் காட்டி, சும்மா மீன் என்று மட்டும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையுடன் பெயர் கேட்டேன். வரிக்குதிரை என்றான் ஒருவன். கொடுவா என்று சத்தியம் பண்ணினான் கடலையே அதிகம் பார்த்திராத வயற்பக்கத்துப் பையன். காக்காவின் மகள் எழும்பி, "சாறன் மீன் சேர்" என்றாள். அவள் வாப்பா கடலுக்குப் போகும்போது உடுத்துகிற சாறனில் அப்படித்தான் பட்டை இருக்குமாம். சாறனில் ஐந்து பட்டையா ஆறு பட்டையா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, அடுத்த பாடத்துக்கான மணியடித்த பின்னும் சத்தம் அடங்கவில்லை.